சிறிய அமெரிக்க நகரத்திலிருந்து பாஸ்போர்ட் விண்ணப்பிப்பது எப்படி

நியூயார்க், சிக்காகோ, ஹூஸ்டன் போன்ற பெருநகரங்களில் அமெரிக்க வெளியுறவுத் துறை நேரடியாக நடத்தும் பாஸ்போர்ட் அலுவலகங்கள் இருக்கின்றன. அவசரம் என்றால் முன்பதிவு செய்துகொண்டு அங்கே போய் நிற்கலாம். இல்லினாய் மாநிலத்தின் ப்ளூமிங்டனிலோ ஆர்கன்சாவின் பென்டன்வில்லிலோ வசிப்பவருக்கு அந்த வசதி ஊரில் இல்லை. ப்ளூமிங்டன்காரர் சிக்காகோவுக்கும் பென்டன்வில்காரர் ஹாட் ஸ்பிரிங்ஸுக்கும் சில மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டும். அப்படிப் போகாதவருக்கு எல்லாமே உள்ளூர் அஞ்சலகத்தின் வழியாகவோ, கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) கிளார்க் அலுவலகத்தின் வழியாகவோ தபாலில்தான் நடக்கும். அந்தக் கவுண்டரில் இருப்பவர் விண்ணப்பத்தை வாங்கி, சரிபார்த்து, உறுதிமொழி பெற்று அனுப்பி வைப்பவர் மட்டுமே. பாஸ்போர்ட் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. அவர் கவனிக்காமல் விட்ட குறை சில வாரங்கள் கழித்து வேறொரு நகரத்து மேசையில்தான் தெரியவரும். பிறகு கடிதம் வரும், பதில் போகும், காலம் கரையும். அதனால் சிறு நகரத்தில் இருப்பவர்கள் கவுண்டருக்குப் போகும் அந்த ஒரு நாளுக்கு முன்பே எல்லாத் தாள்களையும் முழுமையாகச் சேர்த்துவிட வேண்டும் என்பதே நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது.

முதலில் எந்தப் படிவம் உங்களுக்கு உரியது என்பதை முடிவு செய்யுங்கள். முதல்முறை விண்ணப்பிப்பவர்கள், பதினாறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், பழைய பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர்கள், பதினாறு வயதுக்கு முன் பாஸ்போர்ட் பெற்று இப்போது பெரியவராகிவிட்டவர்கள் ஆகிய அனைவரும் டிஎஸ்-11 படிவத்துடன் நேரில் போக வேண்டும். பதினாறு வயதுக்குப் பிறகு பெற்ற, கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்ட, சேதமடையாத பாஸ்போர்ட் கையில் இருந்தால் டிஎஸ்-82 படிவத்தைத் தபாலில் அனுப்பிப் புதுப்பித்துக்கொள்ளலாம். எங்கும் போக வேண்டியதில்லை. பாஸ்போர்ட் கிடைத்து ஓராண்டுக்குள் பெயர் மாறினாலோ, அச்சில் துறையின் தவறு இருந்தாலோ அதற்கு டிஎஸ்-5504 என்ற தனிப் படிவம் உண்டு; விரைவுச் சேவை கேட்காதவரை அதற்குக் கட்டணம் இல்லை.

நம் குடும்பங்களில் அடிக்கடி நேரும் குழப்பம் குழந்தைகளைப் பற்றியது. குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளே செல்லும், அதற்குப் புதுப்பித்தல் என்ற ஒன்றே கிடையாது. பழைய பாஸ்போர்ட் கையில் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் முதல்முறை போலவே டிஎஸ்-11, பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரின் வருகை என எல்லாம் மறுபடி வேண்டும். பெரியவர்களுடைய பாஸ்போர்ட் பத்து ஆண்டுகள் செல்வதால் அதே கணக்கைப் பிள்ளைகளுக்கும் போட்டு, ஊருக்குப் போகும் கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு எடுத்துப் பார்த்துத் திடுக்கிடுபவர்கள் உண்டு. இன்றே அலமாரியைத் திறந்து பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் காலாவதித் தேதியைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இணையவழிப் புதுப்பித்தல்

2024 செப்டம்பர் முதல் பெரியவர்கள் இணையத்திலேயே புதுப்பிக்கும் வசதி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறது. சிறு நகரத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம் என்றே சொல்வேன். வயது இருபத்தைந்து அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட் பத்தாண்டுக் காலத்துக்கு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். அது ஓராண்டுக்குள் காலாவதியாகப் போவதாகவோ, காலாவதியாகி ஐந்து ஆண்டுகளுக்குள் உள்ளதாகவோ இருக்க வேண்டும். பெயரோ பிறந்த தேதியோ பிறந்த இடமோ மாறக்கூடாது. நீங்கள் அமெரிக்காவில் வசிக்க வேண்டும். வெளியுறவுத் துறையின் தளத்தில் கணக்குத் தொடங்கி, படத்தை ஏற்றி, அட்டையில் பணம் கட்டினால் முடிந்தது. பழைய பாஸ்போர்ட்டை அனுப்ப வேண்டியதில்லை.

ஆனால் இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இணையவழியில் சாதாரணச் சேவை மட்டுமே உண்டு, விரைவுச் சேவை கிடையாது. விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தவுடன் கையிலிருக்கும் பழைய பாஸ்போர்ட் ரத்தாகிவிடும். அது பார்ப்பதற்கு முழுமையாக இருந்தாலும், உள்ளே இன்னும் சில மாதங்கள் மீதமிருந்தாலும், அதை வைத்து வெளிநாடு போக முடியாது. அடுத்த மாதம் பயணம் இருக்கும்போது இந்த வழியைத் தொடவே கூடாது.

தபாலில் புதுப்பிப்பவர்கள் பழைய பாஸ்போர்ட்டையும் உறைக்குள் வைத்தாக வேண்டும். படிவத்தில் குறித்திருக்கும் முகவரி அஞ்சல் பெட்டி எண் கொண்டதாக இருப்பதால் தனியார் கூரியர் நிறுவனங்கள் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க இயலாது. அரசு அஞ்சல் துறையான யூஎஸ்பிஎஸ் வழியாக, கண்காணிப்பு எண்ணுடன் அனுப்புவதே ஒரே வழி. எண்ணைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் போகும் இடத்தைத் தேர்வது

விண்ணப்பம் பெறும் இடங்களை அஞ்சல் குறியீட்டை வைத்துத் தேடும் பக்கம் வெளியுறவுத் துறையின் தளத்தில் இருக்கிறது. தேடல் உங்கள் ஊரின் பெரிய அஞ்சலகத்தைத்தான் முதலில் காட்டும். அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பக்கத்து ஊர்களின் சிறிய அஞ்சலகங்கள், கவுண்டி கிளார்க் அலுவலகம், சில இடங்களில் பொது நூலகம் ஆகியவையும் விண்ணப்பம் வாங்குகின்றன. ஊரின் பெரிய அஞ்சலகத்தில் மூன்று வாரத்துக்கு நேரம் கிடைக்காதபோது, இருபது மைல் தள்ளியுள்ள ஒரு கிராமத்து அஞ்சலகத்தில் அடுத்த நாளே கிடைக்கக்கூடும். அஞ்சலகங்களில் பெரும்பாலும் முன்பதிவு தேவை; அதை அவர்களின் தளத்திலேயே இலவசமாகச் செய்யலாம். முன்பதிவுக்கும் படிவத்துக்கும் பணம் கேட்கும் தளங்கள் எதுவும் அரசுடையவை அல்ல. முகவரியின் முடிவில் அரசுத் தளங்களுக்குரிய ‘டாட் கவ்’ இருக்கிறதா என்று பார்த்த பிறகே சமூகப் பாதுகாப்பு எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள். அஞ்சல் துறையின் தளம் மட்டும் ‘யூஎஸ்பிஎஸ் டாட் காம்’ என்றிருக்கும்.

முன்பதிவு செய்யும்போது, போகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்க வேண்டுமா, ஒரு குடும்பத்துக்கு ஒரே நேரம் போதுமா என்று அந்த அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. பணத்தை எந்த வகையில் வாங்குவார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். ஏனெனில் கட்டணம் இரண்டு பகுதிகளாகச் செல்கிறது. பெரியவருக்கான பாஸ்போர்ட் கட்டணம் 130 டாலர், குழந்தைக்கு 100 டாலர். இது வெளியுறவுத் துறைக்குப் போகும், காசோலையாகவோ மணி ஆர்டராகவோ மட்டுமே கொடுக்க முடியும். விண்ணப்பம் வாங்குவதற்கான 35 டாலர் அந்த அலுவலகத்துக்கு உரியது. அதை எப்படி வாங்குவது என்பது அவர்கள் விருப்பம். விரைவுச் சேவைக்கு 60 டாலரும், தயாரான பாஸ்போர்ட்டை ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்புவதற்கு 22.05 டாலரும் கூடுதல். இவை இரண்டும் துறைக்கான தொகையோடு சேரும். தபாலில் புதுப்பிப்பவருக்கு அந்த 35 டாலர் இல்லை. கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால், காசோலை எழுதும் நாளன்று துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காசோலைப் புத்தகமே இல்லாத வீடுகள் இப்போது நிறைய. அவர்கள் அஞ்சலகத்திலேயே டெபிட் அட்டையைக் கொடுத்து மணி ஆர்டர் வாங்கிக்கொள்ளலாம்.

சான்றுகளும் நகல்களும்

குடியுரிமைக்கான சான்று, அடையாளச் சான்று, இரண்டின் நகல்கள், ஒரு புகைப்படம், படிவம் என்று பட்டியல் சிறியதுதான். விவரங்களில்தான் சிக்கல் இருக்கிறது.

இங்கே பிறந்த குழந்தைக்கு, மாநிலமோ கவுண்டியோ நகராட்சியோ வழங்கிய, முத்திரையும் பதிவாளர் கையொப்பமும் உள்ள, பெற்றோர் இருவரின் முழுப் பெயரும் அச்சிடப்பட்ட பிறப்புச் சான்றிதழ் வேண்டும். மருத்துவமனையில் குழந்தையின் பாதச்சுவட்டுடன் அன்பாகத் தரும் அழகிய தாள் இதற்குச் செல்லாது. சில மாநிலங்களில் சுருக்க வடிவச் சான்றிதழ் ஒன்றும் தருவார்கள். அதில் பெற்றோர் பெயர் இல்லாவிட்டால் பயன்படாது, எனவே கேட்கும்போதே முழு வடிவச் சான்றிதழ் என்று கேட்டு, கூடுதலாக ஒரு படியும் வாங்கி வையுங்கள்.

குடியுரிமை பெற்ற பெரியவர்களுக்கு, உறுதிமொழி விழாவில் கையில் தரப்படும் நேச்சுரலைசேஷன் சான்றிதழே சான்று. அதன் அசலைத்தான் அனுப்ப வேண்டும். பலரும் இங்கே தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் நியாயமானதே. தொலைந்தால் மாற்றுச் சான்றிதழ் பெற ஐந்நூறு டாலருக்கு மேல் ஆவதோடு மாதக்கணக்கில் காத்திருக்கவும் நேரும். ஆனாலும் அசல் இல்லாமல் விண்ணப்பம் நகராது. அது பாஸ்போர்ட் வரும் உறையில் வராமல், தனி உறையில், சில நாட்கள் முன்போ பின்போ வந்து சேரும் என்பதை அறிந்திருந்தால் பதற்றம் குறையும். சான்றிதழை நகலெடுப்பது குற்றம் என்று நினைத்து நகலெடுக்கவே அஞ்சுபவர்களும் இருக்கிறார்கள். சட்டப்படியான தேவைக்கு நகலெடுக்கலாம், பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு நகல் கட்டாயம் கேட்கப்படுகிறது. அனுப்புவதற்கு முன் வீட்டுக்கென்றும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் பிறந்து, பச்சை அட்டையுடன் இங்கே வளரும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டின் குழந்தைக் குடியுரிமைச் சட்டத்தின்படி, பெற்றோரில் ஒருவர் குடியுரிமை பெறும்போது பதினெட்டு வயதுக்குட்பட்ட, பச்சை அட்டை உள்ள, அந்தப் பெற்றோரின் சட்டப்பூர்வப் பொறுப்பில் அவருடனேயே இங்கு வசிக்கும் பிள்ளை தானாகவே அமெரிக்கக் குடிமகனாகவோ குடிமகளாகவோ ஆகிவிடுகிறது. தனியாகக் குடியுரிமைச் சான்றிதழ் கோரும் என்-600 விண்ணப்பம் போட்ட பிறகே பாஸ்போர்ட் வாங்க வேண்டும் என்பதில்லை. பெற்றோரின் நேச்சுரலைசேஷன் சான்றிதழ், பிள்ளையின் பச்சை அட்டை, பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணச் சான்றிதழ் ஆகியவற்றை வைத்து நேரே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். என்-600 வழியாகக் கிடைக்கும் சான்றிதழ் பாஸ்போர்ட் போல் காலாவதியாகாது என்பதால் ஆயிரம் டாலருக்கு மேல் செலவானாலும் பின்னாளில் அதை வாங்கி வைப்பது நல்லது என்பது என் கருத்து. ஆனால் பயணம் காத்திருக்கும்போது முதலில் பாஸ்போர்ட் வேலையை முடியுங்கள். தமிழ்நாட்டு நகராட்சிகளில் வாங்கிய பிறப்புச் சான்றிதழ்களில் சிலவற்றில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருக்கும். பிறப்பைப் பதிந்தபோது பெயர் வைத்திருக்க மாட்டார்கள், பிறகு சேர்க்க மறந்திருப்பார்கள். இதை ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி மூலம் பதிவாளர் அலுவலகத்தில் பெயர் சேர்த்து வாங்குவதற்கே நாளாகும் என்பதால் இந்தத் தாளைத்தான் எல்லாவற்றுக்கும் முன்பாக எடுத்துப் பார்க்க வேண்டும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியுடன் கூடிய ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும்.

அடையாளச் சான்றாக ஓட்டுநர் உரிமம் பொதுவாகப் போதும். வேலை மாறிப் புதிய மாநிலத்துக்கு வந்து, உரிமத்தை இன்னும் மாற்றாதவர்கள் மற்றோர் அடையாளத்தையும் கொண்டுபோக வேண்டும். எச்-1பி என்னும் வேலை விசாவில் இருக்கும் பெற்றோர் இங்கே பிறந்த குழந்தைக்கு விண்ணப்பிக்கும்போது தங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டையே அடையாளமாகக் காட்டலாம். நகல்கள் அனைத்தும் வெள்ளைத் தாளில், ஒருபக்கமாக, வழக்கமான லெட்டர் அளவில் இருக்க வேண்டும். உரிமத்தின் முன்புறம் பின்புறம் இரண்டும் வேண்டும். சிறு நகரத்து அஞ்சலகங்கள் பலவற்றில் நகலெடுக்கும் இயந்திரம் பொதுமக்களுக்கு இருக்காது.

பெயர்

நமக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் பெயரில் இருக்கிறது. தந்தையின் பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்முடையது. அமெரிக்கப் படிவங்களோ கடைசிப் பெயர் என்று ஒன்றைக் கேட்கின்றன. இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தவர்களுக்கு விசாவில் முதற்பெயரின் இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதற்பெயர் தெரியவில்லை) என்ற மூன்றெழுத்து விழுந்து, அதுவே ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, பச்சை அட்டை வரை தொடர்ந்து வருவதுண்டு. இதைச் சரிசெய்வதற்குப் பொருத்தமான இடம் பாஸ்போர்ட் கவுண்டர் அல்ல. அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் வரும் பெயர் குடியுரிமைச் சான்றில் உள்ள பெயரை ஒட்டியே அமையும். ஆகவே குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்திலேயே பெயரை எப்படி வைத்துக்கொள்வது என்பதைத் தீர்மானித்துக் குறிப்பிட வேண்டும். உறுதிமொழி விழாவை நீதிமன்றம் நடத்தும் இடங்களில் பெயர் மாற்றத்தையும் அதோடு சேர்த்துச் செய்துதருவார்கள். விழாவில் சான்றிதழ் கைக்கு வந்ததும், நாற்காலியை விட்டு எழும் முன்பே ஒவ்வோர் எழுத்தையும் பிறந்த தேதியையும் படித்துப் பாருங்கள். அங்கேயே சொன்னால் எளிதில் திருத்தம் நடக்கும். வீட்டுக்கு வந்த பிறகு என்றால் அது வேறொரு விண்ணப்பமாகிவிடும்.

டிஎஸ்-11 படிவத்தில் இதுவரை பயன்படுத்திய மற்றப் பெயர்களைக் கேட்கும் இடத்தில் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்த வடிவத்தையும் திருமணத்துக்கு முந்தைய பெயரையும் விடாமல் எழுதுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் ஒரு மாதிரியும் தாயின் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று காட்டும் திருமணச் சான்றிதழையோ பெயர் மாற்ற ஆணையையோ கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

படிவத்தைத் தளத்திலேயே நிரப்பி அச்செடுப்பது நல்லது. ஒருபக்க அச்சாக இருக்க வேண்டும், கையால் எழுதுபவர்கள் கறுப்பு மை பயன்படுத்த வேண்டும். டிஎஸ்-11இல் மட்டும் கையொப்பமிடாமல் கொண்டுபோக வேண்டும். கவுண்டரில் இருப்பவர் உறுதிமொழி கேட்ட பிறகு அவர் கண்முன்னேதான் கையெழுத்திட வேண்டும். டிஎஸ்-82இல் நேர்மாறு: கையெழுத்தும் தேதியும் இல்லாமல் அனுப்பினால் திரும்பி வரும். சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள்.

புகைப்படம்

இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம், வெள்ளை அல்லது மங்கிய வெள்ளைப் பின்னணி, ஆறு மாதங்களுக்குள் எடுத்தது, கண்ணாடி இல்லாமல். 2016 நவம்பர் முதல் மூக்குக்கண்ணாடிக்கு அனுமதி இல்லை. செல்பேசியில் எடுத்து மென்பொருளால் முகத்தைத் துலக்கிய படங்களை ஏற்பதில்லை. மருந்துக் கடைகளிலும் சில அஞ்சலகங்களிலும் எடுத்துத் தருகிறார்கள். குறைகாணப்படும் வாய்ப்பு அங்கே குறைவு. கைக்குழந்தையை வெள்ளைத் துணியில் படுக்க வைத்து மேலிருந்து எடுப்பது சுலபம்; தாங்கிப் பிடிக்கும் கை படத்தில் தெரியக் கூடாது, கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டைத் துடைத்துவிட்டு எடுங்கள்.

பெற்றோர் இருவரும் வர இயலாதபோது

பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தாய் தந்தை இருவரும் பிள்ளையோடு கவுண்டருக்கு வர வேண்டும். ஒருவர் வர இயலாவிட்டால் அவர் டிஎஸ்-3053 என்னும் ஒப்புதல் படிவத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு, அப்போது காட்டிய அடையாள அட்டையின் முன்பக்க, பின்பக்க நகலையும் சேர்த்துத் தர வேண்டும். அந்தக் கையெழுத்து மூன்று மாதங்களுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. உள்ளூர் வங்கிக் கிளைகள் பலவற்றில் வாடிக்கையாளருக்கு நோட்டரி சேவை இலவசம். தந்தை வேலை நிமித்தம் சென்னையில் இருக்கிறார் என்றால் அங்குள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் நோட்டரி சேவையில் முன்பதிவு செய்யலாம். அதற்கும் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் அவர் ஊருக்குக் கிளம்பும் முன்பே இங்கேயே கையெழுத்து வாங்கிவிடுவது மிகவும் எளிது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவருக்குத் தெரிந்தே விண்ணப்பிக்கிறார்கள் என்று காட்டினால் போதும். ஒருவர் கூடப் போவதே அதற்குச் சுருக்கமான வழி.

எத்தனை வாரம்

வெளியுறவுத் துறை இப்போது சொல்லும் காலம் சாதாரணச் சேவைக்கு நான்கு முதல் ஆறு வாரம், விரைவுச் சேவைக்கு இரண்டு முதல் மூன்று வாரம். இதில் தபால் பயணம் சேராது. போவதற்கு இரண்டு வாரம், வருவதற்கு இரண்டு வாரம் வரை ஆகலாம் என்று துறையே எச்சரிக்கிறது. கவுண்டரில் நேரம் கிடைக்கக் காத்திருக்கும் நாட்களையும் கூட்டினால் சாதாரணச் சேவைக்கு இரண்டரை மாதம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களுக்குக் கணக்கு இன்னும் நீளும். உறுதிமொழி விழாவில் பச்சை அட்டையை வாங்கிக்கொள்வார்கள். இந்தியக் குடியுரிமை அந்த நொடியே முடிந்துவிடுவதால் இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது. அமெரிக்கப் பாஸ்போர்ட் வந்த பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஜூன் மாதம் ஊருக்குப் போக நினைப்பவர் முந்தைய ஆண்டு இறுதியிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

அனுப்பி இரண்டு வாரம் வரை தளத்தில் நிலவரம் தெரியாமல் இருக்கலாம். அதற்காகக் கலங்க வேண்டாம். மின்னஞ்சல் முகவரியைப் பதிந்து வைத்தால் ஒவ்வொரு நிலையிலும் தகவல் வரும். கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் வந்தால் தொண்ணூறு நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும், அந்தக் கடிதத்தையும் பதிலோடு இணைத்தே அனுப்ப வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்கள் தபால் பெட்டியின் மேல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட் அனுப்பியதாகத் தளம் சொல்லியும் வந்து சேராவிட்டால் துறைக்குத் தெரிவியுங்கள்; வழங்கப்பட்ட நாளிலிருந்து 120 நாட்கள் கடந்துவிட்டால் மறுபடி முழுக் கட்டணம் கட்ட நேரும்.

அவசரம் என்று வந்தால்

பயணத்துக்குப் பதினான்கு நாட்களே இருக்கும்போது, அல்லது விசாவும் வாங்க வேண்டியிருந்து இருபத்தெட்டு நாட்களே இருக்கும்போது, பாஸ்போர்ட் அலுவலகத்தில் நேரம் கேட்கலாம். முன்பதிவு இல்லாமல் போனால் உள்ளே விடமாட்டார்கள். ப்ளூமிங்டனிலிருந்து சிக்காகோ ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம் என்பதோடு, கேட்ட நாளில் சிக்காகோவில் இடம் இருக்கும் என்ற உறுதியும் இல்லை; டெட்ராய்டோ மினியாபொலிஸோ கிடைத்தால் அங்கேயும் போகத் தயாராக இருக்க வேண்டும். பயணச்சீட்டின் அச்சு, முழு ஆவணங்கள், கூடுதலான 60 டாலர் ஆகியவை வேண்டும்.

ஊரில் பெற்றவர்கள் உயிருக்குப் போராடும் நிலையில் இருக்கிறார்கள் என்ற செய்தி வந்தால் அதற்கென்றே ஒரு தனி வழி இருக்கிறது. பெற்றோர், பிள்ளை, கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி ஆகியோரின் மரணத்துக்கோ உயிராபத்தான நிலைக்கோ 1-877-487-2778 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம். மாமாவையும் சித்தப்பாவையும் அத்தையையும் அந்தப் பட்டியல் ஏற்பதில்லை. நம் வீடுகளில் அவர்கள் தாய் தந்தைக்கு நிகரானவர்கள் என்றாலும் விதி அப்படித்தான் இருக்கிறது. மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட தாளில், மருத்துவர் கையெழுத்துடன், ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒன்றை ஊரில் இருப்பவர்களைக் கொண்டு வாங்கி, படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓசிஐ இல்லாதவருக்கு இதற்கு மேல் இந்திய விசாவும் வேண்டும். அந்த இரவில் இரண்டு நாட்டு அரசுத் தளங்களைத் திறந்து வைத்துக்கொண்டு தவிப்பதைவிட, வயதான பெற்றோர் ஊரில் உள்ள ஒவ்வொருவரும் பாஸ்போர்ட்டையும் ஓசிஐயையும் எப்போதும் செல்லுபடியாகும் நிலையில் வைத்திருப்பது எவ்வளவோ மேல்.

வந்த பிறகு

உறையைப் பிரித்தவுடன் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம் மூன்றையும் சரிபாருங்கள். பின்பு நீல அல்லது கறுப்பு மையால் கையெழுத்திடுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத சிறு பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் பிள்ளையின் பெயரை எழுதி, அருகே தன் கையெழுத்தை இட்டு, உறவைக் குறிக்க வேண்டும். தொலைந்துவிட்டது என்று டிஎஸ்-64 படிவத்தில் அறிவித்த பழைய பாஸ்போர்ட் பின்னால் எங்காவது கிடைத்தாலும் அதைப் பயன்படுத்த முடியாது.

ஓசிஐ அட்டை உள்ளவர்கள், இருபது வயது வரை ஒவ்வொரு முறை புதிய பாஸ்போர்ட் வாங்கும்போதும், ஐம்பது வயதுக்குப் பின் ஒருமுறையும், அதன் நகலையும் புதிய படத்தையும் ஓசிஐ தளத்தில் மூன்று மாதங்களுக்குள் கட்டணமின்றி ஏற்ற வேண்டும். சிறு வயதில் ஓசிஐ பெற்ற பிள்ளை இருபது வயது நிறைந்த பிறகு முதல்முறை பாஸ்போர்ட் மாற்றும்போது அட்டையையே ஒருமுறை மறுவெளியீடு செய்துகொள்ள வேண்டும். நகலேற்றத்தைப் பாஸ்போர்ட் வந்த அன்று மாலையே முடித்துவிடுங்கள்.